கை அறியாத சூடு

மழை விடுகிறதாக இல்லை. மழைக்காலத்தில் லாண்டரியில் வேலை குறையும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் இடத்துக்கு ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். வீட்டில் துணி காயாத சனம் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்கும். விடுதி விரிப்புகள் வேறு, ஆஸ்பத்திரி விரிப்புகள் வேறு. கீழே துவைக்கும் இயந்திரங்கள் வயிற்றுவலி வந்தவை மாதிரி உருண்டு புரண்டுகொண்டிருக்கும். பின்கட்டில் பாய்லர். மாடியில் இஸ்திரி அறை. அந்த அறையின் மூலையில், திறக்கக்கூடிய ஒரே ஜன்னலுக்குக் கீழே என் தையல் மிஷின். கிழிந்த விரிப்புக்கு ஒட்டுப் போடுவதும் அறுந்த பொத்தானைத் தைப்பதும் என் வேலை. தையல் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தவர்கள் சோம்பேறித்தனத்தில் அதைத் தையக்கா ஆக்கிவிட்டார்கள். இப்போது அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

இஸ்திரி போடுகிறவர்களின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பழைய செருப்பின் அடிப்பாகம் தேவலை. தோல் தடித்து, மினுமினுத்து, ரேகைகூட அழிந்து கிடக்கும். தேநீர் கொதிக்கிற பாத்திரத்தைத் துணி பிடிக்காமல் இறக்கி வைப்பார்கள். ஆம்புலன்ஸ் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த ஒருவன் இருக்கிறானே, அவன் கொதிக்கிற தண்ணீரிலிருந்து முட்டையை விரலால் எடுத்து, வாய் பிளந்து பார்க்கிற புது ஆட்களுக்கு நீட்டுவான். அதில் அவனுக்கு ஒரு பெருமை. இஸ்திரிப் பெட்டிகளும் அவர்களைப்போலவே பழசு. சூடு கூட்டிக் குறைக்கிற திருகில் எண்கள் தேய்ந்துபோய்விட்டன. அதனால் துணியில் வைப்பதற்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார்கள். வெளியாள் யாராவது பார்த்தால் பெட்டிக்கு முத்தம் கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

ஆம்புலன்ஸும் அவன் பெண்டாட்டியும் எதிரெதிர் மேசை. இரண்டு பேரும் நாள் முழுக்க முகம் பார்த்து நின்றாலும் பேச்சு கிடையாது; நீராவிக்குள் வாயைத் திறந்தால் தொண்டை காய்ந்துவிடும். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் குளம் வைத்தியம் எல்லாம் அலுத்துப்போய், இனி இல்லை என்று இருவரும் மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்தவள் பட்டாணி. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக, உருண்டையாக இருந்தாள். அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அத்தை. அதாவது ஆம்புலன்ஸின் அக்கா. புருஷன் வீட்டில் வாழ முடியாமல் ஒரு தகரப் பெட்டியோடு வந்தவள், தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். காலையில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போனபின் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். நிறுத்தாமல் பேசுவாள். அதனால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். எங்கள் இரண்டு வீடும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிர்க் கதவு. அங்கே தும்மினால் இங்கே நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்புலன்ஸ் என்ற பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வினையெல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. பட்டாணிக்கு முதல் தடுப்பூசி போட்ட அன்று சாயங்காலம் ரேடியோ, "தம்பி, பிள்ளைக்கு உடம்பு சுடுதுடா" என்றாள். அவ்வளவுதான். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை அவன். பனியனோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, பிள்ளையை மார்பில் அணைத்துக்கொண்டு தெருவைக் கிழித்துக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, லேசான காய்ச்சல், ஊசி போட்டால் வருவதுதான், பயப்பட வேண்டாம், வந்து கேட்டது நல்லதுதான் என்று அனுப்பினார்கள். அவர்கள் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. ஆனால் எங்கள் லாண்டரியின் வேன் டிரைவர் அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்கு விரிப்பு இறக்க வந்திருந்தான். மறுநாள் காலையில் இவன் உள்ளே நுழைந்ததும் பாய்லர்காரர் வாயாலேயே சைரன் ஊதினார். அன்றிலிருந்து அப்பா அம்மா வைத்த பெயர் போயே போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். ஆனால் உள்ளுக்குள் தைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது.

அடுத்த ஊசிக்கு இரண்டு பேருக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை. மழை, மூட்டைகள் உத்தரம் வரை நிற்கின்றன. ரேடியோதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். நர்ஸ் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தாழ்வாரத்தில் ஒப்பித்தாள். என்னிடம் ஒரு தடவை, தம்பியிடம் ஒரு தடவை, அவன் பெண்டாட்டியிடம் ஒரு தடவை.

"போட்ட இடம் வீங்குமாம், செவக்குமாம், தொட்டா அழுவாளாம். லேசா காய்ச்சல் வருமாம். நச்சுநச்சுன்னு இருப்பாளாம். இதெல்லாம் ஒருநாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள். அதுக்குப் பயப்பட வேணாம்னுச்சு அந்தப் பொண்ணு. ஆனா காய்ச்சல் ஏறிக்கிட்டே போனாலோ, ரெண்டு நாள் தாண்டியும் விடலைன்னாலோ, பால் குடிக்கலைன்னாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, எழுப்பி எழுந்திருக்கலைன்னாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நிறுத்தாம அழுதாலோ, யோசிக்காம தூக்கிட்டு வந்துருங்கன்னுச்சு. ராத்திரி பகல் பாக்க வேணாமாம்."

"நியூஸ் முடிஞ்சுதா?" என்றான் தம்பி, தட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"உனக்கு எல்லாம் கிண்டல்டா."

"கிண்டல் இல்லக்கா. கால் கடுக்குது. தண்ணி குடு."

அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது. தொடையில் ஒரு சின்னக் கட்டி. நர்ஸ் கொடுத்த சொட்டு மருந்தை ரேடியோ சொன்ன அளவுக்குக் கொடுத்தாள். பிள்ளை சிணுங்கிவிட்டுத் தூங்கியது. மறுநாள் மத்தியானம் பட்டாணி என்னைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். எல்லாம் சொன்னபடிதான் நடந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

அதற்கடுத்த நாள் காலையில் மறுபடி சுட ஆரம்பித்திருக்கிறது. இது நான் பிறகு தெரிந்துகொண்டது. அன்று வேலை முடிந்து வந்தபோது தாழ்வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். மழை நாளில் பட்டாணியின் இடுப்புத் துணிகளைக் குறுக்கே கொடி கட்டித்தான் காயப்போடுவார்கள். என் கதவைத் திறக்க ஈரத்துணியை முகத்தால் விலக்கிக்கொண்டு போக வேண்டும். தினமும் மனசுக்குள் திட்டுவேன். அன்று கொடியில் பாதிக்கு மேல் காலி. அப்பாடா, வழி கிடைத்தது என்று நிமிர்ந்து நடந்து போனேன். ஒரு லாண்டரியில் வேலை பார்க்கிறவளுக்குத் துணி குறைந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றவில்லை.

எதிர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்து, ஈரச் சட்டையோடு தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றான். உள்ளங்கையைப் பிள்ளையின் நெற்றியில் வைத்திருந்தான்.

"எங்கக்கா சுடுது? ஜில்லுன்னு இருக்கு."

"டேய், நல்லா வெச்சுப் பாருடா. அனலா கொதிக்குது."

"உன் கை நாள் பூரா தண்ணியில ஊறுது. உனக்கு எதைத் தொட்டாலும் சுடத்தான் செய்யும். எறும்பைப் பாத்தா யானைம்ப நீ." பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். "நீ பாரு."

அவளும் வந்தாள். காலையிலிருந்து நின்று நின்று அவள் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. இஸ்திரி அறையின் சூடு வீடு வரைக்கும் அவள் உடம்போடு வரும். மழையில் நனைந்து வந்தாலும் கழுத்தடியில் வேர்த்துக்கொண்டே இருக்கும். அவளும் கையை நெற்றியில் வைத்தாள், வயிற்றில் வைத்தாள், பாதத்தில் வைத்தாள்.

"ஒண்ணும் தெரியலையே அண்ணி" என்றாள்.

"பால் குடிக்கல. பாட்டில் அப்படியே இருக்கு பாரு."

"ஊசி வலியில குடிச்சிருக்க மாட்டா."

"நேத்து குடிச்சாளே? நேத்து இல்லாத வலி இன்னிக்கு எங்கேருந்து வரும்?"

"அக்கா" என்றான் ஆம்புலன்ஸ். குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு அசதி. "ஊசி போட்டா ரெண்டு மூணு நாள் அப்படி இப்படித்தான் இருக்கும். நீதானே வந்து ஒப்பிச்ச? திரும்ப நான் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடணும், அங்க போனா ஒண்ணுமில்லைம்பாங்க, நாளைக்கு லாண்டரியில பாய்லர்காரர் ஊதுவாரு. ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டு ஓடினது போதும்."

ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். தம்பி வீட்டுச் சோறு சாப்பிடுகிறவளின் வார்த்தைக்கு எடை அவ்வளவுதான். அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம் என்று சொல்வது சுலபம். போய், ஒன்றுமில்லை என்று திரும்பி வந்திருந்தால், பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்ற பேச்சு வரும். வெளியே யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் தட்டில் சோறு விழுகிற சத்தத்தில் அது கேட்கும். எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் இன்னொருவர் வீட்டில் இருந்தவள்தான்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். பட்டாணி கம்பளித் துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும் ஒரு தடவை காட்டிடேன் தம்பி" என்றேன்.

"நல்லாத் தூங்குறா தையக்கா. ராத்திரி பூரா சத்தமே இல்ல. தூக்கம்தான் பிள்ளைக்கு மருந்து." குடையை உதறினான். "நீங்களும் ஆரம்பிக்காதீங்க."

தூங்குகிற பிள்ளையை யார் எழுப்புவார்கள்? நாங்கள் மூன்று பேரும் ஒரே குடையில் பாதி நனைந்தபடி வேலைக்குப் போனோம். அவன் பெண்டாட்டிக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. சத்தமில்லாத அந்த ராத்திரியில் அவளும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரி விரிப்புகள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஒன்றை முடித்தால் இன்னொன்று. ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ரேடியோ கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். குடை பிள்ளைக்கு மட்டும். அவள் முழுக்க நனைந்திருந்தாள். காவலாள் உள்ளே விடவில்லை போலிருக்கிறது.

"ஏம்மா, உங்கண்ணி வந்திருக்கா பாரு" என்றேன்.

அவன் பெண்டாட்டி பெட்டியை அதன் தட்டில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனாள். ஆம்புலன்ஸ் அப்போது கீழே மூட்டை எடுக்கப் போயிருந்தான். மேலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. மழைச் சத்தத்தில் பேச்சு பாதிதான் கேட்டது.

"எழுப்பி எழுப்பிப் பாக்கறேன், கண்ணைத் தொறக்குறா, மறுபடி சொருகிடுது. காலையிலருந்து ஒரே ஒரு துணிதான் நனைஞ்சிருக்கு. அதுவும் ஒரு வாடை அடிக்குது. என் பேச்சை நம்ப வேணாம். நீ பெத்தவ, நீ தொட்டுப் பாரு."

அவள் கம்பளிக்குள் கையை விட்டாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள். "சூடு தெரியலையே அண்ணி. நீங்க மழையில நிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க. சாயங்காலம் வந்ததும் தூக்கிட்டுப் போலாம்."

மாடியில் சூப்பர்வைசர் கைதட்டினார். நிறுத்தாமல் பேசுகிற மனுஷி, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பித் தெருவில் நடந்தாள்.

அவன் பெண்டாட்டி மேலே வந்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். ஒரு விரிப்பை எடுத்து உதறி மேசையில் பரப்பினாள். பெட்டியைத் தூக்கினாள். பழக்கம், அவ்வளவுதான், ஒரு நாளில் எத்தனையோ தடவை செய்வது. பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சூடு முகத்தில் அடித்ததும் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்தாள்.

அப்படியே நின்றாள்.

பெட்டியைப் பார்த்தாள். தன் இடது கையைப் பார்த்தாள். அந்த உள்ளங்கையைப் பெட்டியின் அடிப்பாகத்துக்கு அருகில், கன்னத்துக்குக் கொண்டுபோன அதே தூரத்தில், பிடித்துப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். நான் "ஏய், ஏய்" என்று எழுந்தேன். கை ஒன்றும் சொல்லவில்லை அவளுக்கு.

"தையக்கா" என்றாள். "என் கைக்குத் தெரியாது."

பெட்டியை விரிப்பின்மேல் போட்டுவிட்டு ஓடினாள். படியில் அவள் செருப்பு உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. ஒரு விரிப்பைக்கூடக் கருக்காதவள், அத்தனை வருஷத்தில். வெள்ளைத் துணியிலிருந்து புகை கிளம்பியது. நான் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, கத்துகிற சூப்பர்வைசரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். என் முட்டிக்கு அது அதிகம்தான்.

தெருவில் ரேடியோ அதிக தூரம் போகவில்லை. மூடியிருந்த ஒரு கடையின் ஓரத்தில் ஒதுங்கி நின்று அழுதுகொண்டிருந்தாள். இவள் போய்ப் பிள்ளையைப் பிடுங்கிக் கம்பளியை விலக்கித் தன் கன்னத்தை அதன் நெற்றியில் வைத்தாள். வைத்த வேகத்தில் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எண்ணெய்ச் சட்டியில் விரல் பட்டவர்கள் போடுகிற சத்தம் அது.

"அண்ணி, கொதிக்குதே! கொதிக்குதே அண்ணி!"

"அதைத்தானேடி ரெண்டு நாளா சொல்றேன்" என்றாள் ரேடியோ. அதில் வெற்றியும் இல்லை, கோபமும் இல்லை.

கருகல் வாடையில் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸும் தெருவுக்கு ஓடி வந்துவிட்டான். "என்ன ஆச்சு? பெட்டியை அப்படியே போட்டுட்டு... சூப்பர்வைசர் கத்துறாரு. பிள்ளைக்கு என்ன?" என்றவன், வழக்கம்போலக் கையை நீட்டி நெற்றியைத் தொடப் போனான். "ஊசிக்காய்ச்சல் இருந்தாலும்..."

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடி, இன்னொரு கையால் அவன் பின்மண்டை முடியைப் பிடித்தாள். எல்லாரும் பார்க்கிற தெருவில், மழையில், அவன் முகத்தை இழுத்துப் பிள்ளையின்மேல் வைத்து அழுத்தினாள். அதுவரை அவன் எதிரில் குரல் உயர்த்தாதவள். அவன் திமிறினான். அப்புறம் திமிறவில்லை. குனிந்தபடியே இருந்தான். அவள் பிடியை விட்ட பிறகும் நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

விரிப்பு இறக்கிவிட்டு வேன் அப்போதுதான் தெருமுனையில் திரும்பியது. ஆம்புலன்ஸ் நடுத்தெருவில் போய்க் கையை விரித்து நின்றான். டிரைவர் பிரேக் போட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "என்னப்பா ஆம்புலன்ஸ்..." என்று ஆரம்பித்தவன், பிள்ளையின் தலை தாயின் கையில் தொங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். இறங்கி வந்து பின்கதவை அவனே திறந்தான். அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில் நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். வழியெல்லாம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை அவன். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வெப்பமானியை வைத்துப் பார்த்த நர்ஸ் உடனே உள்ளே கூப்பிட்டாள். டாக்டர் ஒரு பெண். அவளுக்கும் தூக்கம் இல்லாத கண்கள். பிள்ளையின் கையை மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"காய்ச்சல் எப்போலருந்து?"

தகப்பன் தாயைப் பார்த்தான். தாய் தரையைப் பார்த்தாள். "எங்க கைக்குத் தெரியாதுங்க" என்றாள். டாக்டருக்கு அது புரியவில்லை.

"நான் சொல்றேன்" என்று ரேடியோ முன்னால் வந்தாள். ஈரப் புடவை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. "ஊசி போட்ட அன்னிக்கு சாயங்காலம் வந்துச்சு, மறுநாள் விட்டுடுச்சு. நல்லா சிரிச்சா. நேத்துக் காலையிலருந்து திரும்ப. இது வேற மாதிரிங்க. நேத்து மத்தியானம் பாட்டில்ல பாதி குடிச்சா, சாயங்காலம் கால் வாசி, ராத்திரியிலருந்து உதட்டுல வெச்சாத் துப்புறா. இடுப்புத் துணி நனையறதே இல்ல. நனைஞ்ச ஒண்ணும் நாறுது. வலிப்பு வரல, வாந்தி இல்ல. சொருகிச் சொருகித் தூங்குறா."

டாக்டர் பேனாவை நிறுத்தாமல் எழுதினாள். அவள் பேச்சை ஒருவர் இப்படிக் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். அத்தனை சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று தடவை குத்தினார்கள். பிள்ளை அழக்கூட இல்லை, முனகியது. அதைக் கேட்க முடியாமல் ஆம்புலன்ஸ் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். சொட்டுச் சொட்டாக மருந்து ஏற ஆரம்பித்தபின் டாக்டர் வெளியே வந்தாள்.

"சிறுநீர்ல கிருமி. நல்லா பரவியிருக்கு. மருந்து போட்டிருக்கோம், இன்னைக்கு ராத்திரி போகட்டும், பாக்கலாம்."

"எல்லாம் அந்த ஊசியாலதானே டாக்டர்?" என்றான் ஆம்புலன்ஸ். ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாளா என்று கெஞ்சுகிற குரல்.

"ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. ஊசி போட்ட நேரத்துல இதுவும் வந்திருக்கு, அவ்வளவுதான். ஊசிக்காய்ச்சல் ஒரு நாள்லயே விட்டுடுச்சே, உங்கக்காதான் சொன்னாங்களே."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஊசியின்மேல் பாரத்தை இறக்கி வைக்கலாம் என்று பார்த்தான். அது திரும்பி அவன் தலைக்கே வந்தது.

"ரெண்டு மூணு நாள் இருக்கும்னு நெனச்சோம். ஊசியா வேற எதுவான்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரிய வேண்டாம். அதைக் கண்டுபிடிக்கறது எங்க வேலை. பிள்ளை பால் குடிக்கலை, துவண்டு கிடக்குன்னா தூக்கிட்டு வர்றது மட்டும்தான் உங்க வேலை."

"முன்னாடி ஒரு தடவை வந்தோம். ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டீங்க."

"ஒண்ணுமில்லாம அனுப்பறதுதான் எங்களுக்கும் பிடிக்கும்" என்றாள் டாக்டர். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "நூறு தடவை வாங்க. நூறு தடவையும் ஒண்ணுமில்லைன்னே அனுப்பறேன்."

நான் மறுநாள் வேலை முடிந்து போனேன். ரொட்டியும் அவித்த முட்டையும் பிளாஸ்கில் தேநீரும் எடுத்துப் போனேன். மழை கொஞ்சம் ஓய்ந்து, ஆஸ்பத்திரி முற்றத்தில் தண்ணீர் குளமாகக் கிடந்தது. வார்டுக்குள் அதே வெள்ளை விரிப்புகள், எங்கள் அறையில் மடித்தவைதான். என் கையால் போட்ட ஒட்டு ஒன்று எதிர்க் கட்டிலில் தெரிந்தது.

பட்டாணியின் கட்டில் ஓரத்தில் அவள் தாய் முக்காலியில் உட்கார்ந்தபடி குனிந்திருந்தாள். கன்னத்தைப் பிள்ளையின் நெற்றியில் சாய்த்திருந்தாள். நேற்று மாலையிலிருந்து அப்படித்தான் இருக்கிறாளாம். கையால் பிள்ளையைத் தொடவே இல்லையாம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, முகத்தை மட்டும் அருகில் வைத்துக்கொண்டு ராத்திரியைக் கழித்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்த விரிப்பு என்னாச்சு தையக்கா?" என்றான்.

"ஒட்டுப் போட்டாச்சு. சாப்பிடு முதல்ல."

அவன் ரொட்டியை வாங்கி, பிய்த்து, தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் ஜன்னலோரம் நின்ற அக்காவிடம் நீட்டினான்.

"அக்கா, சாப்பிட்டியா?"

ரேடியோ திரும்பிப் பார்த்தாள். "நேத்துலருந்து இங்கதான் நிக்கறேன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"வந்துச்சு."

"நீ தின்னு. நீதான் செத்த கோழி மாதிரி இருக்க."

"ரெண்டு பேரும் தின்னலாம்" என்றான். அவள் வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தின்றார்கள். அவன் முட்டையை உரித்து அவள் பக்கம் தள்ளினான். இவ்வளவுதான் அவர்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற முறை. எனக்கு இது போதாது, நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவளுக்குப் போதும் போலிருந்தது.

நர்ஸ் வெப்பமானியோடு வந்தாள். "அம்மாவைக் கொஞ்சம் எழுப்புங்க. காய்ச்சல் பாக்கணும்."

அப்போதுதான் நான் உற்றுப் பார்த்தேன். தாய் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த கைகள் எப்போதோ அவிழ்ந்து இரண்டு பக்கமும் தொங்கின. கன்னம் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஆம்புலன்ஸ் எழுந்து நின்றான். தொடப் போனான், தொடவில்லை.

"காய்ச்சல் இருந்தா அவ தூங்கியிருக்க மாட்டா சிஸ்டர்" என்றான்.

நர்ஸ் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "இருக்கட்டும். நாங்களும் ஒரு தடவை பாத்துக்கறோம்" என்று சொல்லி, தாயை எழுப்பாமலே பிள்ளையின் அக்குளில் வெப்பமானியை மெல்லச் செருகினாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றோம். பட்டாணி கண்ணைத் திறந்து, முகத்துக்கு மேல் கிடந்த தாயின் காதைப் பார்த்து, அதைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள்.

நர்ஸ் வெப்பமானியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தகப்பனை விட்டுவிட்டு, என்னையும் விட்டுவிட்டு, நேற்றிலிருந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன ஆளிடம் திரும்பினாள்.

"இல்லை அத்தை. விட்டுடுச்சு."

ரேடியோ வாயில் இருந்த ரொட்டியோடு ஓவென்று அழுதாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தாய் விழிக்கவில்லை.